லாபம் 42 லட்சம், கையில் மிஞ்சியது எவ்வளவு?

கோத்தகிரி பக்கத்து ஹட்டி (மலைக் கிராமம்) ஒன்றிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றி, எண்களை முழு லட்சங்களாக்கியிருக்கிறேன். கடிதத்தின் சாரம் இது.

அவருடைய அப்பாவும் பெரியப்பாவும் இன்னும் சில உறவினர்களும் சேர்ந்து தொடங்கிய தேயிலைத் தொழிற்சாலை அது. சொந்தத் தோட்டம் கிடையாது. சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கித் தூளாக்கிக் குன்னூர் ஏலத்தில் விற்கிறார்கள். பிறகு அது பிரைவேட் லிமிடெட் நிறுவனமானது. அப்பா காலமான பின் 18 சதவீதப் பங்கு இவர் பெயருக்கு வந்திருக்கிறது. நிர்வாகம் முழுக்கப் பெரியப்பா மகன் கையில். அப்பா போனதிலிருந்து இவருக்கு டிவிடெண்ட் (பங்குதாரருக்குப் பிரித்துத் தரும் லாபம்) என்று ஒரு ரூபாயும் வந்ததில்லை.

இப்போது அந்த அண்ணன் இரண்டு வழி சொல்கிறார். தூளை நிறம் பார்த்துத் தரம் பிரிக்கும் கலர் சார்ட்டர் இயந்திரம் வாங்கவும் தொழிலை விரிவாக்கவும் 1 கோடி ரூபாய் புதுப் பங்கு வெளியிடப் போகிறார்கள். இவர் பங்குக்கு 18 லட்சம் போட வேண்டும். முடியாவிட்டால், கையிலுள்ள 9,000 பங்குகளையும் பங்குக்கு 150 ரூபாய் வீதம் அவரே வாங்கிக்கொள்வார். தீபாவளிக்குப் பிறகு பதில் வேண்டும்.

வாசகி சும்மா இருக்கவில்லை. 2024-25 பேலன்ஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு, இணையத்தில் கற்றுக்கொண்ட முறைப்படி ‘ஃப்ரீ கேஷ் ஃப்ளோ’, அதாவது தொழில் செலவும் இயந்திரச் செலவும் போகக் கையில் மிஞ்சும் பணத்தைக் கணக்கிட்டிருக்கிறார். “நிகர லாபம் 42 லட்சம். தேய்மானம் 31 லட்சத்தைக் கூட்டினேன். இயந்திரம், கட்டடம், நிலத்தின் மதிப்பு 251 லட்சத்திலிருந்து 268 லட்சமாகியிருக்கிறது. அந்த 17 லட்சத்தைக் கழித்தேன். 56 லட்சம் வருகிறது. பேங்க் இருப்பும் 11 லட்சத்திலிருந்து 30 லட்சமாகியிருக்கிறது. ரிசர்வ் 160 லட்சம் இருக்கிறது. நிறுவனம் நல்ல நிலையில்தானே இருக்கிறது? நகையை அடகு வைத்து 18 லட்சம் போடலாமா?” என்று கேட்கிறார். கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: “எங்கள் ஹட்டியில் பலரும் இந்த ஃபேக்டரிக்குத்தான் இலை கொடுக்கிறார்கள். ஜூலையில் கொடுத்த இலைக்கு அக்டோபரில்தான் பணம் வந்தது என்று குறைபட்டுக்கொள்கிறார்கள். அது வேறு விஷயம்.”

அன்புள்ள சகோதரி,

அது வேறு விஷயம் இல்லை. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்ததே அந்த வரிதான். அதற்கு வருகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லாபத்தோடு நிற்காமல் ‘கையில் என்ன மிஞ்சுகிறது’ என்று கேட்டீர்களே, அது மிகச் சரியான கேள்வி. குன்னூரில் இருபது வருடத்துக்கும் மேலாகக் கணக்குப் பார்க்கிறேன். குடும்ப நிறுவனத்தில் பங்கு வைத்திருப்பவர்களில் இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. நீங்கள் பிடித்த நூல் சரி. நடுவே நாலைந்து முடிச்சு விழுந்திருக்கிறது. ஒவ்வொன்றாக அவிழ்ப்போம்.

தேய்மானமும் ரிசர்வும் எடுத்து வைத்த பணமா?

உங்கள் வீட்டுக்காரர் ‘தேய்மானம் 31 லட்சம் தனியாக ஒதுக்கி வைத்திருப்பார்கள்’ என்றாராம். அப்படி எந்தப் பெட்டியிலும் பணம் இருக்காது. முன்பு வாங்கிய இயந்திரத்தின் விலையை அதன் ஆயுள்காலம் முழுக்கப் பிரித்து எழுதும் செலவுதான் தேய்மானம். கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பொதுவான இயந்திரங்களுக்கு 15 வருடமும் தொழிற்சாலைக் கட்டடத்துக்கு 30 வருடமும் ஆயுள் வைத்திருக்கிறது. இந்த வருடம் 31 லட்சம் செலவு எழுதினார்களே தவிர, அதற்காக யாருக்கும் பணம் கொடுக்கவில்லை. லாபத்தோடு திரும்பக் கூட்டுவது அதனால்தான். அதுவரை உங்கள் கணக்கு சரி.

ரிசர்வும் அப்படித்தான். தொடங்கியதிலிருந்து சேர்ந்த லாபத்தின் மொத்தக் கணக்கு அது. அந்த 160 லட்சம் இன்று இலையை உலர்த்தும் டிரையராக, நறுக்கிச் சுருட்டும் சிடிசி ரோலராக, குடோனில் அடுக்கிய மூட்டையாக, வாங்குபவர்களிடம் நிற்கும் பாக்கியாக உருமாறிக் கிடக்கிறது. பணமாக இருப்பது பேங்கில் உள்ள 30 லட்சம் மட்டும்.

இயந்திரத்துக்குப் போன பணம் 17 லட்சம் இல்லை

பேலன்ஸ் ஷீட்டில் நீங்கள் பார்த்த 251, 268 இரண்டும் தேய்மானம் கழித்த பிறகான மதிப்பு. வருடத் தொடக்கத்தில் 251 இருந்தது. ஒன்றுமே வாங்காமல் இருந்திருந்தால் தேய்மானம் 31 போக 220 ஆகியிருக்கும். போதாததற்கு ஃபேக்டரிக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தை விற்றிருக்கிறார்கள். அதன் புத்தக மதிப்பு (கணக்கில் எழுதியிருக்கும் மதிப்பு) 3 லட்சம் என்று நீங்கள் அனுப்பிய குறிப்பில் இருக்கிறது. அப்படியானால் 217. ஆனால் வருடக் கடைசியில் 268 நிற்கிறது. ஆக, புதிதாகப் போட்டது 51 லட்சம். புது டிரையரும், ரோலர் மாற்றிய செலவும் அதற்குள் வந்துவிடுகின்றன. இந்தத் தப்பு பலரும் செய்வது. தேய்மானத்தை ஒரு பக்கம் கூட்டிவிட்டு, மறு பக்கம் சொத்துக் கணக்கில் மறந்துவிட்டால், பணம் இரண்டு தடவை வந்ததாகத் தோன்றும்.

அந்த நிலம் 12 லட்சத்துக்கு விலைபோய், 9 லட்சம் லாபம் என்று லாப நட்டக் கணக்கில் ஏறியிருக்கிறது. உங்கள் 42 லட்சத்துக்குள் அந்த 9-ம் இருக்கிறது. தேயிலை விற்று வந்த லாபம் இல்லை அது. அடுத்த வருடம் விற்க இன்னொரு துண்டு நிலமும் இல்லை. ஆகவே கழிக்க வேண்டும்.

சரக்கு, பாக்கி, நிலுவை

நீங்கள் முழுக்க விட்டுவிட்ட பகுதி இது. பாதிக் கதை இங்கேதான் இருக்கிறது.

வருடத் தொடக்கத்தில் 58 லட்சத்துக்கு இருந்த தூள் சரக்கு, 2025 மார்ச் 31 அன்று 96 லட்சமாகியிருக்கிறது. வாங்கியவர்கள் தர வேண்டிய பாக்கி 44-லிருந்து 71. நிறுவனம் மற்றவர்களுக்குத் தர வேண்டிய நிலுவை 62-லிருந்து 109. முதல் இரண்டும் பணத்தை விழுங்குபவை: 38-ம் 27-ம் சேர்ந்து 65 லட்சம். மூன்றாவது பணத்தைக் கையில் வைத்திருக்க உதவுவது: 47 லட்சம். நிகரமாக 18 லட்சம் உள்ளே சிக்கியிருக்கிறது. இனிக் கணக்கைப் போடுவோம், எல்லாம் லட்சத்தில்:

நிகர லாபம் 42
தேய்மானம் கூட்டு 31
நிலம் விற்ற லாபம் கழி 9
சரக்கு, பாக்கி, நிலுவையில் சிக்கியது கழி 18
தொழிலிலிருந்து வந்த பணம் 46
இயந்திரத்துக்குப் போனது கழி 51
ஃப்ரீ கேஷ் ஃப்ளோ: மைனஸ் 5

உங்களுக்கு 56 லட்சம் மிச்சம் வந்தது. எனக்கு 5 லட்சம் பற்றாக்குறை வருகிறது. அப்படியானால் பேங்க் இருப்பு 19 லட்சம் ஏறியது எப்படி? நிலம் விற்றது 12, புதுக் கடன் 30, பழைய கடனுக்கு அசல் கட்டியது 18. மைனஸ் 5-உடன் 12-ஐயும் 30-ஐயும் கூட்டி 18-ஐக் கழித்தால் 19. கச்சிதமாகப் பொருந்துகிறது. பேங்க் இருப்பை உயர்த்தியவை கடனும் நிலமும்தான். நீங்கள் போடும் எந்தக் கணக்கையும் இப்படிப் பேங்க் இருப்பின் ஏற்ற இறக்கத்தோடு ஒட்டிப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் எங்கோ ஓர் எண்ணை விட்டிருக்கிறீர்கள்.

ஓர் எச்சரிக்கை. ஃப்ரீ கேஷ் ஃப்ளோவுக்கென்று கணக்கியல் தரநிலை எதிலும் ஒரே வரையறை இல்லை. ஆளுக்கொரு விதமாகப் போடுவார்கள். அண்ணன் தரப்பில் யாராவது ‘தொழிலிலிருந்து வந்த பணம் 70 லட்சம்’ என்று காட்டலாம். பொய்யாக இருக்காது. நம் நாட்டின் கணக்கியல் தரநிலை 3 (ஏ.எஸ். 3), நிதி நிறுவனம் அல்லாதவர்கள் கட்டிய வட்டியைப் பணப்புழக்க அறிக்கையின் தொழில் பகுதியில் சேர்க்காமல் நிதி திரட்டல் பகுதியில் காட்டச் சொல்கிறது. உங்கள் நிறுவனம் கட்டிய வட்டி 24 லட்சம். அதைக் கழிக்காத எண் 70; கழித்தால் 46. கடன் கொடுக்கும் வங்கி 70-ஐப் பார்க்கட்டும். வட்டிக்குப் பிறகு மிஞ்சுவதில்தான் பங்குதாரருக்கு உரிமை, அதனால் நீங்கள் 46-ஐப் பாருங்கள்.

‘பணப்புழக்க அறிக்கையே தரவில்லை, மறைக்கிறார்களோ’ என்றும் கேட்டிருந்தீர்கள். அந்தச் சந்தேகம் வேண்டாம். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம், சிறு நிறுவனம் என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கு அந்த அறிக்கையிலிருந்து விலக்கு தந்திருக்கிறது. இரண்டு வருடப் பேலன்ஸ் ஷீட்டும் லாப நட்டக் கணக்கும் இருந்தால், மேலே செய்ததுபோல நாமே தயாரித்துக்கொள்ளலாம்.

ஒரு வருட மைனஸைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்

டிரையர் வாங்கிய வருடத்தில் பணம் குறைவது இயல்பு. நிலத்தைச் சீர்செய்து புதுச்செடி நட்ட வருடம் எந்தத் தோட்டக்காரர் கையிலும் காசு நிற்காது. அதனால்தான் ஒற்றை வருடத்தை வைத்து நான் ஒன்றும் சொல்வதில்லை. நீங்கள் பழைய கணக்குகளையும் அனுப்பியது நல்லதாகப் போயிற்று.

2022-23-இல் வட்டிக்குப் பிறகு தொழிலிலிருந்து வந்தது 52, இயந்திரத்துக்குப் போட்டது 14, மிச்சம் 38. 2023-24-இல் 41, 22, மிச்சம் 19. 2024-25-இல் மைனஸ் 5. மூன்று வருடமும் சேர்த்து 52 லட்சம். சராசரி வருடத்துக்கு 17 லட்சம் சொச்சம்.

முதல் இரண்டு வருடம் மிச்சம் கொழுத்துத் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. வருடத் தேய்மானம் 30 லட்சத்தை ஒட்டி ஓடுகிறது. அந்த இரண்டு வருடமும் செலவிட்டதோ 14-ம் 22-ம். மாற்ற வேண்டியதை மாற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள். மூன்றாம் வருடம் சேர்த்து வைத்துச் செலவு வந்துவிட்டது. மூன்று வருட இயந்திரச் செலவு 87, தேய்மானம் ஏறத்தாழ 90. ஆக, இதுவரை போட்டதெல்லாம் இருப்பதை இருப்பதுபோல் வைத்துக்கொள்ளப் போட்டது. விரிவாக்கம் என்று ஒன்றும் நடக்கவில்லை. சராசரி 17 லட்சம் என்பதே நேர்மையான எண், அடுத்த பத்தியில் வரும் விஷயம் மட்டும் இல்லாவிட்டால்.

உங்கள் ஹட்டிக்காரர்களின் பணம்

109 லட்சம் நிலுவையைப் பிரித்துப் பாருங்கள். அதில் பசுந்தேயிலைக்குத் தர வேண்டியது மட்டும் 84 லட்சம். முந்தைய வருடம் அது 40. அதற்கு முன்னாலும் ஏறத்தாழ அதே அளவுதான். இந்த வருடம் இலை வாங்கியது 6 கோடிக்கு, போன வருடம் 5.6 கோடிக்கு. 40 லட்சத்தை 5.6 கோடியால் வகுத்து 365-ஆல் பெருக்கினால் 26 நாள். ஒரு மாத இலைக்கு மறு மாதம் கணக்குத் தீர்ப்பது நம் மலையின் பழக்கம். அதற்கு அது பொருந்துகிறது. 84 லட்சத்தை 6 கோடியால் வகுத்தால் 51 நாள். ஒரே வருடத்தில் இரட்டிப்பு.

அதுவும் எந்தத் தேதியில்? மார்ச் 31. பனி கொட்டி முடிந்து, கோடை மழைக்குக் காத்திருக்கும் நேரம். கொழுந்து குறைவாக வரும் மாதங்களை அடுத்து வருடக் கணக்கு முடிகிறது. இலை குறைவாக வாங்கிய பருவத்தில் நிலுவையும் குறைந்திருக்க வேண்டும். ஆகவே 51 நாள் என்பதுகூட அடக்கமான மதிப்பீடு. உண்மையில் விவசாயிகள் காத்திருந்தது அதைவிட அதிகமாகவே இருக்கும். உங்கள் ஹட்டிக்காரர்கள் சொன்னதும் அதுதானே. கணக்குப் புத்தகம் காட்டுவதும் அவர்கள் சொல்வதும் ஒன்றாகவே இருக்கின்றன.

கொள்முதல் கூடியதற்காக 3 லட்சத்தை விட்டுவிடலாம். மீதி 41 லட்சம் தாமதத்தால் வந்தது. உரிய நேரத்தில் கொடுத்திருந்தால் அந்த வருட எண் மைனஸ் 46 ஆகியிருக்கும். மூன்று வருட மொத்தம் 52-லிருந்து 11-ஆக இறங்கியிருக்கும். கணக்கு முறைப்படி இந்த 41 லட்சம் நிறுவனத்தின் பணப்புழக்கத்தில்தான் சேரும். எந்த ஆடிட்டரும் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டார். ஆனாலும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்துப் பிள்ளை படிப்புக்கும் உர மூட்டைக்கும் அந்தப் பணத்தை நம்பியிருப்பவர்கள் வட்டியில்லாமல் கொடுத்த கடனை, நிறுவனத்தின் ஆரோக்கியமாக என்னால் எண்ண முடியவில்லை.

நான் தொழில் பழகிய காலத்தில் ஒரு ஃபேக்டரியின் கணக்கைப் பார்க்கப் போவோம். மூன்று வருடம் தொடர்ந்து லாபம். மூன்று வருடமும் இலை நிலுவை ஏறிக்கொண்டே போனது. நாலாவது வருடம் விவசாயிகள் ஒவ்வொருவராக வேறு ஃபேக்டரிக்கு இலையைத் திருப்பிவிட்டார்கள். இலை நின்ற அன்று இயந்திரமும் நின்றது. சொந்தத் தோட்டம் இல்லாத ஃபேக்டரிக்கு விவசாயியின் நம்பிக்கைதான் மூலப்பொருள். தேயிலை வாரியம் மாதாமாதம் குறைந்தபட்ச இலை விலையை அறிவிக்கிறது. அதைக் கொடுக்க வேண்டிய கடமை 2003-ஆம் ஆண்டின் தேயிலை சந்தைப்படுத்தல் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் ஃபேக்டரிக்கு இருக்கிறது. அது வேறு. அதற்கு முன்பே, இன்னொரு ஃபேக்டரியின் வண்டி ஹட்டிக்குள் வந்து நிற்கும் நாள்தான் பெரிய ஆபத்து.

அண்ணனுக்கும் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். 65 லட்சம் சரக்கிலும் பாக்கியிலும் சிக்கியிருக்கிறது. ஏலத்தில் விலை போகாமல் தூள் திரும்பி வந்தால், இலைக்காரருக்குக் கொடுக்கப் பணம் எங்கிருந்து வரும்? அவர் பணத்தை எடுத்துக்கொண்டார் என்று இந்தக் கணக்கு சொல்லவில்லை. சரக்கு விற்று, பாக்கி வசூலாகி, இலை நிலுவையும் தீர்ந்திருந்தால் இது ஒரு வருட நெருக்கடி, அவ்வளவுதான். அப்படி நடந்ததா என்பதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

18 லட்சம் எங்கே போகும்?

திரட்டப் போகும் 1 கோடியில் கலர் சார்ட்டருக்கு 35 லட்சம், மீதி 65 லட்சம் ‘நடைமுறை மூலதனத்துக்கு’ (அன்றாடத் தொழிலை ஓட்டும் பணத்துக்கு) என்று எழுதியிருக்கிறார்கள். சரக்கிலும் பாக்கியிலும் சிக்கிய தொகையும் 65. தற்செயலாகவும் இருக்கலாம். எப்படியிருந்தாலும், நீங்கள் போடும் 18 லட்சத்தில் ஏறத்தாழ 12 லட்சம் ஏற்கனவே விழுந்த பள்ளத்தை நிரப்பத்தான் போகும். இலைக்காரர்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்தால் அது நல்ல காரியமே. அதை விரிவாக்கம் என்று நம்பி, நாளைக்கே டிவிடெண்ட் வரும் என்று எண்ணி நகையை அடகு வைக்கக் கூடாது. வருடம் 17 லட்சம் சராசரியாக மிஞ்சும் நிறுவனம் வருடம் 18 லட்சம் அசல் கட்டுகிறது. டிவிடெண்ட் ஏன் வரவில்லை என்ற உங்கள் பழைய கேள்விக்குப் பதிலும் அங்கேயே இருக்கிறது.

சரி, அப்படியானால் பேசாமல் மறுத்துவிடலாமா? அதிலும் ஒரு கண்ணி உண்டு. இப்போது மொத்தம் 50,000 பங்கு, முகமதிப்பு 100 ரூபாய். பங்கு மூலதனம் 50 லட்சமும் ரிசர்வ் 160 லட்சமும் சேர்ந்து நிறுவனத்தின் நிகர மதிப்பு 210 லட்சம். பங்குக்கு 420 ரூபாய். புதுப் பங்கை 100 ரூபாய்க்கே கொடுக்கப் போகிறார்கள், அதாவது இன்னும் 1 லட்சம் பங்கு. நீங்கள் வாங்காமல் மற்றவர்கள் வாங்கினால், உங்கள் 9,000 பங்கு 18 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகிவிடும். புத்தகக் கணக்கில் 37.8 லட்சமாக இருந்த உங்கள் பங்கின் மதிப்பு 18.6 லட்சமாகச் சரியும். இழப்பு அங்கே நிற்காது. நிர்வாகம் சிறு பங்குதாரரை நசுக்குகிறது என்று தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போக, பொதுவாக மூலதனத்தில் பத்தில் ஒரு பங்காவது கையில் இருக்க வேண்டும், அல்லது உறுப்பினர் எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கினராவது சேர வேண்டும். இன்று 18 சதவீதத்தில் உங்களுக்கு அந்தக் கதவு தனியாகவே திறந்திருக்கிறது. 6 சதவீதத்துக்கு இறங்கினால், மூலதனத்தை வைத்துக் கிடைக்கும் வழி மூடிவிடும். வழக்குக்குப் போங்கள் என்று சொல்லவில்லை, உறவு வேண்டும். ஆனால் போக முடிகிறவரிடம் பேசும் விதமே வேறாக இருக்கும்.

ஆகவே என் யோசனை, ‘சரி’யும் வேண்டாம், ‘மாட்டேன்’னும் வேண்டாம். புதுப் பங்கின் விலை 100 ரூபாயாக ஏன் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். நிகர மதிப்பை ஒட்டிய விலையில் கொடுத்தால் போடாதவருக்கு இவ்வளவு நஷ்டம் வராது. இயந்திரத்துக்கு மட்டும் 35 லட்சம் திரட்டினால் உங்கள் பங்கு 6.3 லட்சம்தான், மீதியை ஆறு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். முறையான பங்கு வழங்கல் கடிதம் வந்த பிறகே கெடு தொடங்கும். வாய்வார்த்தையாகச் சொன்ன தீபாவளிக் கெடுவுக்குச் சட்டத்தில் இடமில்லை. கிடைக்கும் உரிமையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கவும் சட்டம் இடம் தருகிறது, நிறுவனத்தின் விதிமுறை ஆவணம் வேறுமாதிரி சொல்லாத வரை. அந்த ஆவணத்தை வாங்கிப் படியுங்கள்.

பங்கு 150 ரூபாய் நியாயமா?

9,000 பங்குக்கு 13.5 லட்சம் வரும். புத்தக மதிப்பு 37.8 லட்சம் என்பதால் இது அநியாயம் என்று உடனே சொல்லத் தோன்றும். நான் அவ்வளவு அவசரப்பட மாட்டேன். வருடம் 17 லட்சம் உண்மையாகவே மிஞ்சும் என்றால், இப்படிப்பட்ட தொழிலுக்கு 15 சதவீத வருமானம் எதிர்பார்ப்பவர் மொத்த நிறுவனத்துக்குச் சுமார் 115 லட்சம் தருவார். உங்கள் பங்கு 20 லட்சத்துக்குச் சற்று மேல். இலைப் பணத் தாமதத்தைக் கழித்தால் மூன்று வருடத்தில் மிஞ்சியது 11 லட்சம்தான். அந்தக் கணக்கில் உங்கள் பங்கு நாலரை லட்சத்தைக்கூடத் தொடாது. இரண்டுமே கரடுமுரடான கணக்குகள். ஃபேக்டரி நிற்கும் நிலத்தின் விலை இதில் சேரவில்லை. இவ்வளவு பெரிய இடைவெளி வருவது ஒரே ஒரு தெரியாத விஷயத்தால்: இலை நிலுவை தீர்ந்ததா இல்லையா. அது தெரியாமல் 150 ரூபாய் அதிகமா குறைவா என்று யாராலும் சொல்ல முடியாது.

விற்பதாக முடிவெடுத்தால் வரியையும் பாருங்கள். பட்டியலிடப்படாத பங்குக்கு வருமான வரி விதிகள் ஒரு நியாயச் சந்தை மதிப்பு வைத்திருக்கின்றன. நிறுவனத்தின் நிலத்தை அரசு வழிகாட்டி மதிப்பில் எடுத்துக் கணக்கிடும் முறை அது. அதற்குக் குறைவாக விற்றாலும் அந்த மதிப்புக்கே விற்றதாக எடுத்துக்கொண்டு உங்களிடம் வரி கேட்பார்கள். வாங்கும் அண்ணனுக்கும் வித்தியாசத் தொகை வருமானமாகும். பெரியப்பா மகன் வரிச் சட்டத்தின் ‘உறவினர்’ வரையறைக்குள் வரமாட்டார். அப்பா வைத்திருந்த காலமும் உங்களுக்குச் சேரும் என்பதால் இது நீண்டகால ஆதாயம். வரி விகிதம் 12.5 சதவீதம், மேல்வரி தனி. அந்த மதிப்பீட்டுச் சான்று இல்லாமல் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்து வேண்டாம். அண்ணனுக்கும் அது பாதுகாப்புத்தான். அதைச் சொல்லியே கேட்கலாம்.

எதைக் கேட்க உரிமை உண்டு?

18 சதவீதம் இருப்பதால் தினசரிக் கணக்குப் புத்தகத்தைப் போய்ப் பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த உரிமை இயக்குநர்களுக்குத்தான், பங்குதாரருக்கு இல்லை. தணிக்கை செய்த கணக்கின் நகல் பொதுக்குழுக் கூட்டத்துக்கு 21 நாள் முன்பே உங்களுக்கு வர வேண்டும். கூட்டத்தில் கேள்வி கேட்கலாம். நிறுவனம் அரசிடம் தாக்கல் செய்த கணக்குகளைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டி யாரும் பார்க்கலாம். அங்கே ‘தொடர்புடையவர்களுடனான பரிவர்த்தனைகள்’ என்ற குறிப்பைத் தேடுங்கள். இலை ஏற்றும் லாரி அண்ணனுடையது என்று எழுதியிருந்தீர்கள்; அதற்கு எவ்வளவு வாடகை போகிறது என்பது அங்கே இருக்க வேண்டும்.

அதையெல்லாம்விட முதலில், வீட்டுக்குப் போய் அண்ணனிடமே மூன்று எண்களைக் கேளுங்கள்: செப்டம்பர் 30 அன்று தூள் சரக்கு எவ்வளவு, வாங்கியவர்கள் பாக்கி எவ்வளவு, இலைக்குத் தர வேண்டியது எவ்வளவு. சந்தேகப்படுகிறவர் கேட்பதுபோல் கேட்காதீர்கள். 18 லட்சம் போடப் போகிறவர் கேட்கும் சாதாரணக் கேள்வி அது. நல்ல நிர்வாகிக்கு அந்த எண்கள் மனப்பாடமாக இருக்கும். கோடை மழைக்குப் பிறகு இலை கூடியிருக்கும் என்பதால், இலை நிலுவையை மார்ச் மாதத்து 84-உடன் நேராக ஒப்பிட வேண்டாம். செப்டம்பரில் வாங்கிய இலையின் மதிப்பையும் கேட்டு, நிலுவை அதற்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்கினால் அந்த 17 லட்சம் சராசரியை நம்பி மேலே பேசலாம். இரண்டு மாத இலையையும் தாண்டிப் போனால், எந்த விலைக்கும் இப்போது பணம் போடாதீர்கள்.

அவர் சொல்லும் எண்ணைச் சரிபார்க்கவும் உங்களுக்கு வழி இருக்கிறது. இலை கொடுக்கும் நாலைந்து வீடுகளில், எந்த மாத இலைக்கு எந்தத் தேதியில் பணம் வந்தது என்று பாஸ்புக்கைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் முதல் இன்றுவரை போதும். அந்தத் தாளையும் நிறுவனத்தின் விதிமுறை ஆவணத்தையும் அனுப்பி வையுங்கள். பங்கு வழங்கல் கடிதம் வருவதற்குள் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.